பதினைந்து நாள் இளநீர்க் கணக்கு: வணிக மாணவருக்குப் புள்ளிவிபரத்தின் முதற்படிகள்

வணிகப் பிரிவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் ஒரு பக்கம் நிறைய எண்களைக் கொடுத்துப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் கல்குலேட்டரைத்தான் முதலில் எடுப்பார்கள். எண்களைக் கண்ணால் ஒருமுறை மேய்ந்து பார்ப்பவர்கள் குறைவு. சூத்திரம் தெரியாததால் ஒப்படையில் புள்ளி குறைவதில்லை. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று தெரியாமல் கணக்குப் போடுவதால்தான் குறைகிறது. அதனால் இங்கே ஒரே ஒரு கடையின் பதினைந்து நாள் விற்பனையை எடுத்து, தொடக்கத்திலிருந்து அறிக்கை வரை சேர்ந்தே நடந்து பார்ப்போம். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் படுத்திருக்கும் மரநிழலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழி உங்களுக்குத் தெரியும். அந்த வழியில் ஓர் இளநீர்க் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடையும் அதன் எண்களும் பயிற்சிக்காக நான் அமைத்தவை.

முதல் படி: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

கடைக்காரர் அண்ணனுக்கு வேண்டியது இதுதான்: "காலையில எத்தனை இளநீர் இறக்கினால் சரி?" கூட இறக்கினால் மிஞ்சிக் கிடந்து வாடும். குறைய இறக்கினால் வெயிலில் ஏறிவரும் ஆட்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். இந்த ஒரு வரியைக் கொப்பியின் மேலே எழுதிவைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. பின்னால் போடப்போகும் ஒவ்வொரு கணக்கும், கீறப்போகும் ஒவ்வொரு படமும் இந்த வரிக்குப் பதில் சொல்லவேண்டும். சொல்லாததை வெட்டிவிடலாம்.

இரண்டாம் படி: தரவை ஒழுங்காகப் பதியுங்கள்

நான்கு நிரல் போதும்: திகதி, கிழமை, விற்ற எண்ணிக்கை, குறிப்பு. பிள்ளைகள் விட்டுவிடுவது அந்த நாலாவது நிரலைத்தான். மழை, போயா (பௌர்ணமி விடுமுறை), கோயில் விசேடம், கடை அரைநாள் பூட்டியது எல்லாம் அங்கேதான் வரவேண்டும். இரண்டு மாதம் கழித்து ஓர் எண் விசித்திரமாகத் தெரியும்போது அதற்குக் காரணம் சொல்ல அந்த நிரல் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

எங்கள் கடையின் விற்பனை, ஒரு திங்கட்கிழமையிலிருந்து தொடங்கி, இப்படி:

42, 38, 45, 40, 36, 71, 68, 41, 39, 44, 38, 43, 75, 180, 40.

பதினாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. குறிப்பு நிரலில் "போயா, வெளியூர் பஸ்கள்" என்று இருக்கிறது.

இது எண்ணிப் பெற்ற தரவு. 42 இளநீர் விற்கலாம், 42.3 விற்க முடியாது. இதைப் பின்னகத் தரவு என்போம். நிறை, நேரம், வெப்பநிலை போல அளந்து பெறுவது தொடர்ச்சியான தரவு. "எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு வரும் பதில் பண்புசார் தரவு. கிண்ணியாவுக்கு 1, மூதூருக்கு 2, நிலாவெளிக்கு 3 என்று இலக்கம் கொடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டு, அந்த இலக்கங்களுக்கு இடை கண்டுபிடித்த ஒப்படைகளைப் பார்த்திருக்கிறேன். ஊர்களின் இடை 1.8 என்றால் அதற்கு என்ன பொருள்? இலக்கமாக எழுதப்பட்டதால் மட்டும் ஒன்று எண்ணாகிவிடாது.

மூன்றாம் படி: கணிக்கும் முன் பாருங்கள்

ஏறுவரிசையில் அடுக்குங்கள்: 36, 38, 38, 39, 40, 40, 41, 42, 43, 44, 45, 68, 71, 75, 180.

இதைத் தண்டு-இலை வரைபாகப் போட்டால் இன்னும் தெளிவு. பத்தினிடம் தண்டு, ஒன்றினிடம் இலை:

3 | 6 8 8 9
4 | 0 0 1 2 3 4 5
5 |
6 | 8
7 | 1 5
18 | 0

(7க்கும் 18க்கும் இடையில் பத்து வெற்று வரிகள் இருக்கின்றன. இடத்துக்காக விட்டிருக்கிறேன். உங்கள் கொப்பியில் அவற்றையும் போடுங்கள், அந்த வெறுமையைக் கண் பார்க்கவேண்டும்.)

ஒரு நிமிடம் இதையே பார்த்துக்கொண்டிருங்கள். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் ஒரு கூட்டம். ஐம்பதுகளில் ஒருவரும் இல்லை. அறுபது எழுபதில் மூன்று பேர். எங்கோ தூரத்தில் தனியாக ஒன்று. கணக்கு எதுவும் போடாமலே பாதி விடை வந்துவிட்டது: இது ஒரே வகையான பதினைந்து நாள் அல்ல.

நான்காம் படி: இடை, இடையம், ஆகாரம்

சொற்களைப் பற்றி முதலில் ஒரு விஷயம். தமிழ்நாட்டுப் பாடக் காணொளிகளைப் பார்த்துப் படிப்பவர்கள் குழம்பிப்போகிறார்கள். நாங்கள் இடை என்பதை அவர்கள் சராசரி என்பார்கள். இடையம் அங்கே இடைநிலை அளவு, ஆகாரம் அங்கே முகடு, மீடிறன் (ஓர் எண் எத்தனை முறை வருகிறது என்பது) அங்கே நிகழ்வெண், நியம விலகல் அங்கே திட்ட விலக்கம். பொருள் ஒன்றுதான். பரீட்சை விடைத்தாளில் மட்டும் இலங்கைப் பாடத்திட்டச் சொல்லையே எழுதுங்கள்.

பதினைந்தையும் கூட்டினால் 840. பதினைந்தால் வகுத்தால் இடை 56. ஒப்படையில் இந்த இடத்தில்தான் பலர் "ஆகவே நாளொன்றுக்கு 56 இளநீர் கொள்வனவு செய்யவேண்டும்" என்று எழுதி முடிக்கிறார்கள்.

மறுபடி பட்டியலைப் பாருங்கள். 56 விற்ற நாள் ஒன்றாவது இருக்கிறதா? 56க்குக் கிட்ட வந்த நாளாவது இருக்கிறதா? இல்லை. வார நாட்கள் எல்லாம் அதற்குக் கீழே, சனி ஞாயிறு எல்லாம் அதற்கு மேலே.

அண்ணன் இந்தப் பேச்சை நம்பி நாள்தோறும் 56 இறக்கினார் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். மிஞ்சுவது அடுத்த நாளுக்கு ஆகாது என்றும் வைத்துக்கொள்வோம். பதினொரு வார நாட்களில் அவர் இறக்கியது 616, விற்றது 446, மிஞ்சியது 170. போயா அல்லாத மூன்று சனி ஞாயிறுகளில் 15, 12, 19 என்று மொத்தம் 46 பற்றாமற்போகும். போயாவன்று 124 பற்றாது. இரண்டையும் கூட்டினால் 170. மிஞ்சியதும் 170, பற்றாமற்போனதும் 170! இது தற்செயல் அல்ல. இடையிலிருந்து விலகல்களைக் கூட்டினால் எப்போதும் பூச்சியம்தான் வரும், இடை என்பதன் இயல்பே அது. தாளில் இரண்டும் சரிக்குச் சரியாகி இடை அழகாக வந்து நிற்கிறது. கடையிலோ பதினைந்து நாளும் அண்ணனுக்கு நட்டம்.

இடையம் என்பது வரிசையின் நடுவில் நிற்பவர். பதினைந்து பேரில் எட்டாவது: 42. போயாவன்று 180க்குப் பதிலாக 500 விற்றிருந்தாலும் இடையம் 42தான், அசையாது. இடையோ 77க்கு மேலே பாய்ந்திருக்கும். அதனால்தான் வீட்டு வருமானம், காணி விலை, சம்பளம் போன்றவற்றுக்கு, அதாவது ஒருசிலர் மிக உயரத்தில் இருக்கும் தரவுக்கு, இடையத்தைக் கேட்டு வாங்கவேண்டும்.

ஆகாரம் அடிக்கடி வருவது. இங்கே 38 இரண்டு முறை, 40 இரண்டு முறை. அதனால் இந்தத் தரவில் ஆகாரம் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. செருப்புக் கடையில் எந்த அளவு அதிகம் போகிறது என்று கேட்டால், அங்கேதான் ஆகாரத்துக்கு வேலை.

ஐந்தாம் படி: பரவலைச் சேர்த்துச் சொல்லுங்கள்

வீச்சு: 180இலிருந்து 36ஐக் கழித்தால் 144. இரண்டே இரண்டு எண்களை வைத்துச் சொல்வதால் போயா ஒன்றே அதைத் தூக்கிவிடுகிறது. காலணையிடை வீச்சு, அதாவது வரிசையின் நடுப் பாதி பரவியிருக்கும் தூரம், அதைவிட நிதானமானது: நாலாவது எண் 39, பன்னிரண்டாவது 68, வித்தியாசம் 29.

எண்கள் இடையிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்று சொல்வது நியம விலகல். அதை ஒருமுறையாவது கையால் போடுங்கள். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 56ஐக் கழியுங்கள், வந்ததை வர்க்கியுங்கள், கூட்டுங்கள். 18,810 வரும். பதினைந்தால் வகுத்தால் 1254, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 35.4. கையால் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போயா நாளின் வரியில் 124ஐ வர்க்கிக்கும்போது 15,376 வரும். மொத்தம் 18,810இல் ஒரே நாளின் பங்கு அவ்வளவு, நூற்றுக்கு 82 வீதம்! "நியம விலகல் 35.4" என்று எழுதும்போது நீங்கள் பெரும்பாலும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். கணினி இதைச் சொல்லித்தராது.

எக்ஸலில் எஸ்டிடெவ் என்ற பெயரில் இரண்டு சூத்திரம் இருக்கும். பி என்று முடிவது முழுக் குடிக்கு, அதாவது நீங்கள் பேசும் தொகுதி முழுவதும் கையில் இருக்கும்போது, எண்ணிக்கையால் வகுக்கும். எஸ் என்று முடிவது மாதிரிக்கு, அதாவது அதில் ஒரு பகுதி மட்டும் இருக்கும்போது, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்கும். இந்தப் பதினைந்து நாளை வைத்து ஆண்டு முழுவதையும் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றால் எஸ்ஸைப் போடுங்கள், விடை 36.7 வரும்.

ஆறாம் படி: பிரித்துப் பாருங்கள்

தண்டு-இலை வரைபு சொன்னதைக் கேட்டு வார நாட்களைத் தனியே எடுப்போம். பதினொரு நாள், மொத்தம் 446, இடை 40.5, நியம விலகல் 2.6. முப்பத்தைந்து எங்கே, இரண்டரை எங்கே! அண்ணனின் வார நாள் விற்பனை மணிக்கூடு போலச் சீராக இருக்கிறது. இதுவரை அது தெரியாததற்குக் காரணம், மூன்று வகை நாட்களை ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கியதுதான்.

போயா அல்லாத சனி ஞாயிறு மூன்று நாள், இடை 71.3. போயா ஒரே ஒரு நாள், 180. ஒரு நாளுக்கு இடையும் இல்லை, விலகலும் இல்லை. அதற்காக அதை "தவறான தரவு" என்று அழித்துவிடாதீர்கள். புறம்பான எண்ணைக் கண்டால் முதலில் குறிப்பு நிரலுக்குப் போகவேண்டும். 18 என்று எழுதவேண்டியதில் ஒரு பூச்சியம் கூடிவிட்டதென்றால் திருத்தலாம். உண்மையில் நடந்ததென்றால் தனியாக வைத்து, தனியாகப் பேசவேண்டும். ஆண்டில் பன்னிரண்டு, சில ஆண்டுகளில் பதின்மூன்று போயா வரும். ஒரு வருடம் குறித்துவைத்தால் அதற்கும் ஒரு நல்ல பட்டியல் கிடைக்கும்.

ஏழாம் படி: படம் கீறுதல்

சலாகை வரைபையும் கோட்டு வரைபையும் பொருளாதாரத் தரவுக்கு முதலில் பயன்படுத்தியவர் ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபெயர், 1786இல். வட்ட வரைபும் அவருடையதுதான், 1801இல். இரு நூற்றாண்டுக்கு மேலாகியும் நாங்கள் இந்த மூன்றையே சுற்றிக்கொண்டிருக்கிறோம், அதில் குறையொன்றும் இல்லை. எது எதற்கு என்று தெரிந்தால் போதும். வகைகளை ஒப்பிடச் சலாகை. காலத்தோடு மாறுவதைக் காட்டக் கோடு. ஒரு முழுமையின் பங்குகளைக் காட்ட வட்டம், அதுவும் நாலைந்து துண்டுக்கு மேல் வேண்டாம். தொடர்ச்சியான தரவின் பரம்பலுக்கு வலையுருவரையம். அதில் சலாகைகளுக்கிடையே இடைவெளி வராது, வகுப்பாயிடைகள் சமமில்லை என்றால் பரப்பளவுதான் மீடிறனைக் காட்டவேண்டும்.

சலாகை வரைபின் அச்சு பூச்சியத்தில் தொடங்கவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முதல் சனி 71, இரண்டாம் சனி 75. அச்சை 70இல் தொடங்கினால் முதல் சலாகையின் உயரம் 1, அடுத்ததன் உயரம் 5. நாலு இளநீர் வித்தியாசம் ஐந்து மடங்காகத் தெரியும். பார்க்கிறவர் எண்ணை வாசிக்கமாட்டார், உயரத்தைத்தான் வாசிப்பார். எக்ஸல் சிலவேளை அச்சைத் தானாகவே மேலே தொடக்கிவிடும், கவனித்து மாற்றுங்கள். முப்பரிமாணப் படமும் வேண்டாம். முன்னால் நிற்கும் துண்டு பின்னால் நிற்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

தலைப்பில் என்ன, எங்கே, எப்போது, என்ன அலகு என்ற நான்கும் இருக்கட்டும். "விற்பனை வரைபு" என்பது தலைப்பாகாது. "நாளாந்த இளநீர் விற்பனை, 15 நாட்கள், எண்ணிக்கையில்" என்பது தலைப்பு. வர்ணத்தை மட்டும் நம்பி வகைகளைப் பிரிக்காதீர்கள். ஒப்படை போட்டோகொப்பி ஆனதும் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும். அப்புறம், படத்துக்குள் எழுத்தை யூனிகோடில் அடியுங்கள். பாமினியில் அடித்துக் கொண்டுபோன வரைபு, விரிவுரை மண்டபக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் ஆங்கில எழுத்துகளின் குவியலாக வந்து நின்றதையும், அந்தப் பிள்ளை மேடையில் கலங்கிப்போனதையும் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் செய்த வேலை அது.

எட்டாம் படி: வீதத்தில் கவனம்

இதற்கு உண்மையான எண்களையே எடுப்போம். இலங்கைக்கு வந்த வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் 2018இல் ஏறத்தாழ 23 லட்சத்து 34 ஆயிரம் பேர். கொரோனாவால் 2021இல் ஒரு லட்சத்து 94 ஆயிரமாக விழுந்தது. 2023இல் 14 லட்சத்து 87 ஆயிரமாக ஏறியது.

2018இலிருந்து 2021க்கு வீழ்ச்சி ஏறத்தாழ 92 வீதம். 2021இலிருந்து 2023க்கு வளர்ச்சி ஏறத்தாழ 665 வீதம். இரண்டாவதை மட்டும் படித்தால், உப்புவெளி விடுதிகளெல்லாம் முன்னெப்போதும் இல்லாத கொண்டாட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் 2023இன் எண்ணிக்கை 2018இன் 64 வீதம்தான். கீழே விழுந்த இடத்திலிருந்து அளந்தால் எந்த எழுச்சியும் பெரிதாகத் தெரியும். அதனால் வீதம் எழுதினால் எதிலிருந்து எதற்கு என்பதையும் மூல எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பணவீக்கமும் இப்படித்தான். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம். பிறகு அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதும் "சாமான் விலை குறைந்துவிட்டது" என்று எழுதிய ஒப்படைகள் வந்தன. குறைந்தது விலை ஏறும் வேகம். ஏறிய விலை பெரும்பாலும் அங்கேயே நின்றது. ஒரு கடையின் 2021 ரூபா வருமானத்தையும் 2023 ரூபா வருமானத்தையும் நேரே ஒப்பிட்டு "வியாபாரம் வளர்ந்தது" என்று சொல்லமுடியாததும் இதனால்தான். விற்ற எண்ணிக்கையை ஒப்பிடுங்கள், அல்லது சுட்டெண்ணால் திருத்திவிட்டு ஒப்பிடுங்கள்.

ஒன்பதாம் படி: யாரைக் கேட்டீர்கள்?

"திருகோணமலை மக்களின் நுகர்வுப் பழக்கம்" என்று தலைப்பு. கூகுள் படிவத்தை வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டு, நாற்பது பதில் வந்ததும் மூடிவிடுவது வழக்கம். அது மக்கள் அல்ல, உங்கள் நண்பர்கள். நகரம், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று இடம் இடமாகப் பிரித்து எடுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் கேள்விக்கொத்து இருக்கட்டும். காலமும் முக்கியம். நிலாவெளிக் கடற்கரையில் கடல் அமைதியாக இருக்கும் யூலையில் கேட்பதும், வாடை மழை கொட்டும் டிசெம்பரில் கேட்பதும் வேறு வேறு திருகோணமலையைத்தான் காட்டும். முடியாவிட்டால் பரவாயில்லை, முடிந்ததைச் செய்துவிட்டுத் தலைப்பைச் சுருக்குங்கள். "வளாக மாணவர் நாற்பது பேரின்" என்று எழுதினால் அது நேர்மையான ஆய்வு.

ஏற்கெனவே திரட்டிய தரவு வேண்டுமென்றால், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டந்தோறும் வெளியிடும் புள்ளிவிபரக் கைந்நூலில் தொடங்கலாம். அதைக் கையாளும்போது எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு கவனம் வேண்டும். 1981க்குப் பிறகு அடுத்த தொகைமதிப்பு நடந்தது 2001இல். அப்போது யுத்தச் சூழலால் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக எண்ண முடிந்தது. திருகோணமலையில் எண்ணியது ஒரு பகுதியை மட்டுமே. முழுக் கணக்கு மீண்டும் கிடைத்தது 2012இல். ஆகவே எங்கள் மாவட்டக் குடித்தொகையைக் கோட்டு வரைபாகக் கீறும்போது 1981க்கும் 2012க்கும் இடையில் நேர்கோடு இழுத்துவிடாதீர்கள். அந்தக் கோடு முப்பது வருடமும் சனம் சீராகப் பெருகியதாகச் சொல்லும். இடம்பெயர்ந்து போனவர்கள், திரும்பி வந்தவர்கள், வராமலே போனவர்கள் எல்லாரையும் அது மூடிவிடும். புள்ளிக்கோடு போட்டு, "2001: முழுமையற்றது" என்று கீழே குறிப்பு எழுதுங்கள்.

கடைசிப் படி: கடைக்காரருக்கு எழுதுங்கள்

எல்லாம் முடிந்தது. கொப்பியின் மேலே எழுதிய கேள்விக்குத் திரும்புங்கள். அறிக்கையின் முதல் பந்தியை விரிவுரையாளருக்காக எழுதாமல், கேள்வி கேட்ட அண்ணனுக்காக எழுதுங்கள். இடை, நியம விலகல், வரைபு எல்லாம் அதற்குப் பிறகு வரலாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"திங்கள் முதல் வெள்ளி வரை 45 இறக்குங்கள். பதிந்த பதினொரு வார நாட்களில் அதற்கு மேல் ஒருநாளும் போகவில்லை, 36க்குக் குறையவுமில்லை. சனி ஞாயிறுக்கு இப்போதைக்கு 75. ஆனால் மூன்று நாளை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன், இன்னும் ஒரு மாதம் குறித்தபின் மாற்றவேண்டி வரலாம். போயாவுக்கு ஒரே ஒரு நாளின் கணக்குத்தான் கையில் இருக்கிறது. அடுத்த போயாவன்று எத்தனை மணிக்கு எத்தனை போனது, எப்போது முடிந்தது என்று குறித்துத் தாருங்கள்."